அமெரிக்கப் பள்ளிகளுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, பாரம் யார் தலையில் விழுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வெளியே காத்திருக்கும்போது, புதிதாக வந்த பெற்றோர் கல்விச் செலவைப் பற்றிக் கேட்பார்கள். மாஸ்டர்ஸ் படிக்க வரப்போகும் சொந்தக்காரப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் பாதி சொல்வதற்குள் வகுப்பு முடிந்து மணி அடித்துவிடும். அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நான் தினமும் பார்ப்பது ஒஹாயோ என்பதால் அதை வைத்தே நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அரசுப் பள்ளி இலவசம் என்கிறார்களே, அப்புறம் காசுப் பிரச்சினை எங்கிருந்து வருகிறது?

பிள்ளையைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது, அது உண்மை. குடியேற்ற ஆவணம் இல்லை என்று சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. 1982-ல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம், வீட்டு முகவரிக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில். பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள்.

அந்த முகவரியில்தான் எல்லாமே இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உண்டு. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். நம் ஊர் வருவாய் மாவட்டம் போல இதை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாலையின் இந்தப் பக்கம் ஒரு டிஸ்ட்ரிக்ட், அந்தப் பக்கம் வேறொன்று என்றுகூட இருக்கும். பள்ளிச் செலவில் கிட்டத்தட்டப் பாதி மாநில அரசு தருகிறது. ஏறக்குறைய அதே அளவு உள்ளூரிலிருந்து, பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. மத்திய அரசின் பங்கு சுமார் பத்தில் ஒன்று. ஆகவே வீட்டு விலை அதிகமான ஊரில் பள்ளிக்குக் காசு சுலபமாகச் சேரும், மற்ற ஊரில் சேராது. வாடகை கூடுதலாக இருந்தாலும் நல்ல டிஸ்ட்ரிக்ட்டில் வீடு பாருங்கள் என்று வந்த முதல் வாரமே நமக்கு எல்லாரும் சொல்வது இதனால்தான். நானும் அதைக் கேட்டு அப்படித்தான் வந்தேன். கட்டணம் இல்லை என்றாலும், பள்ளிக்கான விலையை வாடகைக்குள் வைத்துக் கட்டுகிறோம்.

அக்டோபர் மாதம் வீட்டு வாசல்களில் 'லெவி' என்று பலகை நட்டிருக்கிறார்களே, அது என்ன?

பள்ளிக்காகக் கூடுதல் வீட்டு வரி கட்டச் சம்மதமா என்று ஊர் மக்களிடமே ஓட்டுக் கேட்பதுதான் லெவி. வரியை 'மில்' கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்றால், வரிக்கென்று போட்ட மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர். ஒஹாயோவில் வீட்டின் சந்தை விலையில் 35 சதவீதத்தைத்தான் வரி மதிப்பாக எடுப்பார்கள். வீடு 3 லட்சம் டாலர் என்றால் வரி மதிப்பு 1,05,000. ஆறு மில் லெவி நிறைவேறினால் அந்த வீட்டுக்காரர் வருஷத்துக்கு 630 டாலர் கூடக் கட்டுவார். அதே ஆறு மில், 80,000 டாலர் வீடுகள் உள்ள ஊரில் வீட்டுக்கு 168 டாலர்தான் தரும். அந்த ஊர்க்காரர்கள் நமக்குச் சமமாகப் பள்ளி நடத்த வேண்டும் என்றால், ஏறக்குறைய நாலு மடங்கு விகிதத்தில் வரி கட்ட வேண்டும். இருப்பவனைவிட இல்லாதவன் அதிக விகிதத்தில் கட்டவேண்டிய ஏற்பாடு இது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1976-ல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தை இங்கே எல்லாரும் 'ஹவுஸ் பில் 920' என்று எண்ணைச் சொல்லியே பேசுவார்கள். அதன்படி ஒரு லெவி நிறைவேறியபோது எவ்வளவு வசூலானதோ, வீட்டு விலை ஏறினாலும் பழைய வீடுகளிலிருந்து பெரும்பாலும் அவ்வளவேதான் வசூலாகும். விலைவாசி ஏறும், டீசல் ஏறும், ஆசிரியர்களின் இன்ஷூரன்ஸ் ஏறும், அந்த லெவி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். அதனால் சில வருஷங்களுக்கு ஒரு முறை பள்ளி மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்தே ஆக வேண்டும். 'போன தடவைதானே கொடுத்தோம்' என்று ஜனங்கள் கேட்பதும் நியாயமாகத்தான் தெரியும்.

ஒரு வருஷம் எங்கள் பகுதியில் லெவி தோற்றது. முதலில் ஹைஸ்கூல் பஸ் நின்றது. எட்டாம் வகுப்பு வரை, இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளுக்குப் பஸ் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஹைஸ்கூலுக்கு அப்படி இல்லை. அடுத்து விளையாட்டுக்குக் கட்டணம் வைத்தார்கள். பையனுடைய நண்பன் ஒருவன் அந்த ஆண்டு ஓட்டப் பந்தயக் குழுவில் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று இவன் கேட்டதற்கு, முட்டி வலி என்று சொன்னானாம்.

பிள்ளைகள் படிக்கிற விஷயத்தில் எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் சுயநலக்காரர்கள் இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், ஓய்வூதியத்தில் தனியாகக் காலம் தள்ளுகிறார். லெவிக்கு ஆதரவு கேட்டு நான் கதவைத் தட்டியபோது உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சமையலறை மேஜையில் வரி நோட்டீஸும், மருந்துக் கடை பில்லும், கேஸ் பில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தன் பிள்ளைகள் மூன்று பேரும் இதே பள்ளியில்தான் படித்தார்கள், முப்பது வருஷமாக எல்லா லெவிக்கும் சரி என்றுதான் போட்டேன், இந்தத் தடவை முடியாதும்மா என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீடு இருக்கிறது என்பதற்காகக் கையில் வருமானம் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒரே தெருவில் ஒரு பெரியவரின் மருந்துச் செலவையும் ஒரு பிள்ளையின் பஸ்ஸையும் எதிரெதிரே நிறுத்துகிற ஏற்பாட்டின் மேல்தான் என் கோபம். அவர் மேல் இல்லை.

யாரும் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவில்லையா?

போனார்கள். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்று ஓர் ஏழை டிஸ்ட்ரிக்ட். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். 1968-ல் மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறிப் போராடினார்கள். டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனாரும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த வட்டாரத்திலேயே அதிகமான வரி விகிதம் எட்ஜ்வுட்டில்தான், 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர். அதில் உள்ளூரிலிருந்து கிடைத்தது ஒரு மாணவருக்கு 26 டாலர். பக்கத்திலிருந்த வசதியான அலமோ ஹைட்ஸில் விகிதம் 0.85 டாலர்தான், கிடைத்ததோ 333 டாலர். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது. ஒரே ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் இந்த நாட்டுப் பள்ளிகளின் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்னும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தந்த மாநிலச் சாசனத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். ஒஹாயோவில் 1991-ல் தொடங்கிய டிரோல்ஃப் வழக்கு அப்படிப்பட்டது. 1997 தீர்ப்பைப் படித்தால் மனசு கனத்துவிடும். ஒரு பள்ளியில் நிலக்கரி அடுப்பில்தான் கட்டடத்தைச் சூடாக்கினார்கள், ராத்திரி படிந்த கரித்தூள் காலையில் பிள்ளைகளின் மேஜை மேலெல்லாம் இருக்கும். பேண்டு வாசிக்கும் மாணவர்கள் முன்பு கரி கொட்டிவைத்த அறையில் காற்றோட்டமில்லாமல் பயிற்சி செய்து, தலை வலிக்கிறது என்று சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், உலகத்தின் பணக்கார நாட்டில் இது நடந்தது. மாநில உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்குக் காசு தரும் முறை சாசனத்துக்கு விரோதமானது என்று சொன்னது. 2000-லும் 2002-லும் திரும்பவும் அதையே சொன்னது. ஆனால் 2003-ல் இனி இந்த வழக்கை மேற்பார்வை செய்ய மாட்டோம் என்று கைகழுவிவிட்டது. புதுக் கட்டடங்கள் எழுந்தன, அது நல்ல விஷயம். காசுக் கணக்கைச் சீராக்கும் சட்டம் வர 2021 ஆகிவிட்டது. அதையும் ஆறு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடைமுறைப்படுத்துவதாகத்தான் ஏற்பாடு. வழக்குப் போட்டபோது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதற்குள் சொந்தப் பிள்ளைகளே வளர்ந்திருப்பார்கள்.

மத்திய அரசு எதற்கு இருக்கிறது? கல்வித் துறையையே மூடப்போகிறார்கள் என்கிறார்களே?

ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு உதவும் சட்டத்தை 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கொண்டுவந்தார். டெக்சாஸில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அனுபவம் உள்ளவர் அவர். 'டைட்டில் ஒன்' என்று பள்ளிகளில் நீங்கள் கேள்விப்படுவது அந்தப் பணம்தான். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காக 1975-ல் வந்த சட்டத்தில், கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரலாம் என்று வைத்தார்கள். இன்றுவரை அந்த அளவை நெருங்கியதே இல்லை. மிச்சத்தை டிஸ்ட்ரிக்ட்தான் தன் கையிலிருந்து போடுகிறது.

கல்வித் துறை என்று தனி அமைச்சகம் 1979-ல் கார்ட்டர் காலத்துச் சட்டத்தால் வந்தது. 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு அதன் ஊழியர்களைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. துறையை மூட நடவடிக்கை எடுக்கச் சொல்லி அதே மாதம் ஜனாதிபதி ஆணையும் வந்தது. முழுதாக மூட வேண்டுமானால் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட வேண்டும். பாடத்திட்டத்தை இந்தத் துறை எழுதுவதில்லை, ஆகவே வகுப்பில் பாடம் நின்றுவிடாது. ஆனால் கல்லூரிக் கடன், ஏழைப் பள்ளிகளுக்கான நிதி, மாற்றுத்திறன் பிள்ளைகளின் உரிமைப் புகார்கள் இவற்றையெல்லாம் பார்த்துவந்த ஆட்கள்தான் குறைந்திருக்கிறார்கள். புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு அதன் கனம் தெரியும்.

இங்கே ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம்தானே?

இதைக் கேட்பவர்கள் டாலரை ரூபாயாக மாற்றிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது. 2023-24-ல் நாடு முழுக்கச் சராசரி சுமார் 72,000 டாலர், புதிதாகச் சேருபவருக்குச் சராசரி சுமார் 46,500. ஒஹாயோவில் சட்டப்படியான குறைந்தபட்ச ஆரம்பச் சம்பளம் 2023-ல்தான் 35,000 ஆனது. அதே அளவு படித்து வேறு வேலைக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் ஆசிரியரின் வாரச் சம்பளம் 2023-ல் 26.6 சதவீதம் குறைவு என்று எக்கனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 1996-ல் அந்த இடைவெளி 6.1 சதவீதம்தான். இன்ஷூரன்ஸ், ஓய்வூதியம் எல்லாம் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும், மறையாது.

கோடையில் இரண்டு மாதம் லீவுதானே என்பார்கள். அந்த மாதங்களுக்குத் தனிச் சம்பளம் இல்லை. பத்து மாத வேலைக்கான சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருகிறார்கள். என் மகளின் மூன்றாம் வகுப்பு ஆசிரியையை ஒரு ஜூலை மாதம் ஒரு கடையின் பில் போடும் இடத்தில் பார்த்தேன். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் சிரித்தார், வரிசை நீளமாக இருந்தது, அதிகம் பேச முடியவில்லை.

ஆகஸ்டில் டிஷ்யூ பேப்பர் பெட்டி, பென்சில், பசை என்று ஒரு பட்டியல் தருகிறார்களே, இதையுமா நாம் வாங்க வேண்டும்?

வாங்கிக் கொடுங்கள். தயவுசெய்து முணுமுணுக்காமல் கொடுங்கள். நீங்கள் கொடுக்காததை அந்த ஆசிரியர் தன் பர்ஸிலிருந்து வாங்குகிறார். அரசின் கணக்கெடுப்பிலேயே 2014-15-ல் 94 சதவீத அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்புக்காகச் சொந்தக் காசு போட்டிருந்தார்கள், சராசரி 479 டாலர். வருமான வரியில் இதற்காகக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் தொகை 2002 முதல் 250 டாலர், இருபது வருஷம் கழித்து 2022-ல் 300 ஆனது.

வகுப்பில் உதவிக்குப் போனபோது நானே பார்த்தேன். ஆசிரியையின் மேஜைக்குக் கீழே ஒரு டப்பாவில் பிஸ்கட், கையுறை, சின்னச் சின்னக் காலுறைகள். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியும். யாரும் பார்க்காதபடி, 'இதைப் போய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வா' என்று ஒரு தாளையும் கூடவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் கையில் கொடுத்து அனுப்புவார். எந்த பட்ஜெட்டிலும் அந்தப் பொட்டலம் இருக்காது.

ஆசிரியர்கள் போராடுவதில்லையா?

2018 பிப்ரவரி 22-ல் மேற்கு வர்ஜீனியாவில் 55 கவுண்டிகளிலும் (நம் ஊர் வருவாய் மாவட்டம் போன்றவை) பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லாது. இருந்தும் வெளியே வந்தார்கள். இன்ஷூரன்ஸ் செலவு சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது. பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று போராட்டத்துக்கு முன்பே உணவுப் பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தார்கள். சமரசம் ஆகிவிட்டது என்று ஆளுநரும் சங்கத் தலைவர்களும் அறிவித்த பிறகும், சட்டமாக வரட்டும் என்று திரும்பிப் போகவில்லை. ஒன்பது பள்ளி நாட்கள் கழித்து 5 சதவீத உயர்வு கிடைத்தது, தங்களுக்கு மட்டுமல்ல, மாநில அரசு ஊழியர் எல்லாருக்கும். அதே வசந்த காலத்தில் ஓக்லஹோமாவிலும் அரிசோனாவிலும் ஆசிரியர்கள் வெளியே வந்தார்கள்.

வவுச்சர் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா?

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநில அரசு தரும் பணம்தான் வவுச்சர். ஒஹாயோவில் 2023-லிருந்து எந்த வருமானமுள்ள குடும்பமும் எட்சாய்ஸ் என்ற வவுச்சருக்கு விண்ணப்பிக்கலாம், வருமானம் ஏற ஏறத் தொகை குறையும். சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம், நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு எது நல்லதோ அதைத்தான் எந்தப் பெற்றோரும் செய்வார்கள். ஆனால் மாநிலத்தின் கொள்கையாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. வவுச்சர்களுக்கு மாநிலம் தரும் தொகை ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் ஆகிவிட்டது. அரசுப் பள்ளிக்கான முறையைச் சீராக்கக் காசில்லை என்று சொல்லும் அதே சட்டசபைதான் இதற்கு ஒதுக்குகிறது. தனியார் பள்ளி ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்லலாம், அரசுப் பள்ளி சொல்ல முடியாது. 2025 ஜூனில் கொலம்பஸ் இருக்கும் ஃபிராங்க்ளின் கவுண்டியின் நீதிபதி இந்தத் திட்டம் மாநிலச் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்காக அந்தத் தீர்ப்பை அவரே நிறுத்தியும் வைத்தார்.

கல்லூரிக் கட்டணம் ஏன் இவ்வளவு?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இணையத்தில் காட்டும் கட்டணத்தை எல்லாரும் கட்டுவதில்லை. 2024-25-ல் தனியார் கல்லூரிகளின் அறிவித்த கட்டணம் சராசரி 43,350 டாலர். மாநிலக் கல்லூரியில் அந்த மாநிலத்தவருக்கு 11,610, வெளியாருக்கு 30,780. இரண்டாண்டுப் படிப்புத் தரும் சமுதாயக் கல்லூரியில் 4,050. சாப்பாடும் அறை வாடகையும் இதில் சேரவில்லை. தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் உதவித்தொகையாகக் கழித்துவிடுகின்றன. இது தெரியாமல், விலையைப் பார்த்தே பயந்து விண்ணப்பிக்காமல் விடுகிற ஏழைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

மாநிலக் கல்லூரிகளில் கட்டணம் ஏறியதற்கு முக்கியக் காரணம், 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநிலங்கள் தங்கள் பங்கைக் குறைத்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வெளிமாநில மாணவர்களையும் வெளிநாட்டு மாணவர்களையும் தேடினார்கள். 2023-24-ல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், எல்லா நாடுகளிலும் அதிகம். ஊரில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கட்டும் பணமும் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கல்விக் கடன் ஏன் அங்கே அரசியல் பிரச்சினை ஆகிவிட்டது?

சுமார் 4.3 கோடிப் பேர், 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். வியாபாரத்தில் நொடித்தவர் திவால் அறிவித்து மீளலாம். படிப்புக் கடனை அப்படித் தள்ளுபடி செய்வது மிகவும் கடினம் என்று 1976-லிருந்து சட்டத்தைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்தார்கள். ஆளுக்கு 10,000 டாலரும், பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) வாங்கியவர்களுக்கு 20,000 வரையும் தள்ளுபடி என்ற பைடன் திட்டத்தை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

ஆசிரியர் கதை இங்கும் வருகிறது. அரசு, பொதுச் சேவை வேலையில் பத்து வருஷம் இருந்து 120 தவணை கட்டினால் மிச்சக் கடன் தள்ளுபடி என்று 2007-ல் சட்டம் வந்தது. 2017-ல் முதல் விண்ணப்பங்கள் போனபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிராகரிக்கப்பட்டன. கடன் வகை தவறு, தவணைத் திட்டம் தவறு என்று காரணம் சொன்னார்கள். பின்னால் விதிகளைத் திருத்தி 10 லட்சம் பேருக்கு மேல் தள்ளுபடி கிடைத்தது. ஏழைப் பள்ளியில் நாலு வருஷம் வேலை பார்ப்பேன் என்று உறுதி தருபவர்களுக்கு 'டீச்' என்று ஓர் உதவித்தொகை உண்டு. வருஷாந்தரப் படிவம் தாமதமானதற்காக அதை வட்டியோடு கடனாக மாற்றிவிட்டார்கள். வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்குத்தான் இது நடந்தது. விஷயம் வெளியே வந்து, 2018-க்குப் பிறகுதான் திருத்தினார்கள்.

2025 ஜூலையில் வந்த சட்டம் மேல்படிப்புக் கடனுக்கு 2026 ஜூலை முதல் உச்சவரம்பு வைக்கிறது. மாஸ்டர்ஸ் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1 லட்சம் டாலர். மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். கட்டணம் குறையும் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். குறையாவிட்டால் மிச்சத்துக்குத் தனியார் வங்கிதான்.

எச்-4 விசாவிலிருக்கும் என் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்குமா?

எச்-4 என்பது எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா. அதில் இருப்பவருக்கு மத்திய அரசின் பெல் கிராண்டோ கடனோ கிடைக்காது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்கும் அப்படியே. பல மாநிலங்களில் எச்-4 பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணம் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 21 வயதானால் எச்-4 போய்விடும், படிப்பு நடுவில் எஃப்-1க்கு மாற வேண்டிவரும். தனியார் கல்லூரிகள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கு விசா தடையாக இல்லாத இடங்களும் உண்டு. கேட்காமல் விடாதீர்கள்.

எங்களுக்கு ஓட்டு இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

குடியுரிமை இல்லாதவர் ஒஹாயோவில் லெவிக்குக்கூட ஓட்டுப் போட முடியாது. ஆனால் டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் கூட்டத்துக்கு யாரும் போகலாம். பொதுமக்கள் பேச வைத்திருக்கும் நேரத்தில் பெயரும் முகவரியும் சொல்லிப் பேசக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் மூன்று நிமிஷம் தருவார்கள். முதல் தடவை நான் போனபோது நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. நம்மவர்கள் இரண்டு பேர்தான். வீட்டு வரி நாமும் கட்டுகிறோம், வாடகை வழியாகவாவது கட்டுகிறோம். டிஸ்ட்ரிக்ட்டின் வரவு செலவுக் கணிப்பு இணையத்தில் இருக்கிறது, பத்துப் பக்கம் படித்துவிட்டுப் போங்கள், கேட்கிற கேள்வி கூர்மையாக இருக்கும். குடியுரிமை பெற்ற அண்டை வீட்டாரிடம் லெவியைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் சொல்வதையும் உட்கார்ந்து கேளுங்கள். வருமானம் குறைந்த மூத்தோருக்கு வரிச் சலுகை உண்டு, ஹோம்ஸ்டெட் என்பார்கள், கவுண்டி ஆடிட்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் அதற்கு விண்ணப்பித்ததே இல்லை. படிவத்தை நாங்கள் இரண்டு பேருமாக அவருடைய சமையலறை மேஜையில்தான் உட்கார்ந்து நிரப்பினோம்.